பீலி தீட்டும் கலை

வருசநாட்டு மலைச்சாரலில் அமைந்த மயிலாடும்பாறை, மயிலைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர். மயிலை வரைவோர் பலர்; அதன் பீலியை உள்ளவாறு தீட்டுவோர் சிலரே. நீர்வண்ணத்தில் அதனைத் தீட்டும் முறையை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

முதற்கண் இறகின் அமைப்பை அறிதல் வேண்டும். நடுவே தண்டு, இருமருங்கும் சாய்ந்து கிளைக்கும் இழைகள், அவற்றில் நுண்ணிழைகள். சிறகின் இறகில் நுண்ணிழைகள் கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றுவதால் அது தகடுபோல் நிற்கிறது. பீலியின் நெடுந்தண்டிலோ இழைகள் தனித்தனியே அசைகின்றன. எனவே முன்னதைப் பரப்பாகவும் பின்னதை இழைகளாகவும் தீட்டுதல் தகும்.

நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தாளின் வெண்மையே. ஆதலின் ஒளிபடும் தண்டினை வண்ணம் படாமல் முதலிலேயே விட்டுவிடுகிறோம். அடிப்பகுதியின் மென்தூவியை ஈரத்தாளில் வண்ணம் பரவவிட்டுப் பெறுகிறோம். தாள் உலர்ந்தபின், ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் தண்டிலிருந்து வெளிநோக்கி இழைகளை இழுக்கிறோம். எல்லா இழைகளையும் எண்ணி வரைய வேண்டுவதில்லை. ஓரங்களிலும் பிளவுகளிலும் சில காட்டினால் போதும்.

பீலிக் கண்ணின் நீலமும் பச்சையும் சாயத்தால் வந்தவையல்ல. நுண்ணிழைகளுள் ஒழுங்காக அடுக்கப்பட்ட மெலனின் கோல்கள் ஒளியைத் திருப்புவதாலேயே அந்நிறங்கள் தோன்றுகின்றன. கோணம் மாற நிறமும் மாறுகிறது. எனவே மஞ்சளை மெல்லப் பூசி, உலர்ந்தபின் அதன்மேல் பச்சையைத் தெளிவாகப் படரவிட வேண்டும். கண்ணின் நடுவேயுள்ள கருநீலம் இறுதியில் வரும்.

இவ்வுழைப்பின் பயன் யாது? ஜஹாங்கீர் அவையின் உஸ்தாத் மன்சூர் சைபீரியக் கொக்கினைத் தீட்டினார். 2002க்குப் பின் அப்பறவை பரத்பூரில் காணப்படவில்லை. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் அவர் ஓவியம் மட்டும் நிற்கிறது. பாட்னாவின் ஷேக் ஜைனுத்தீன் 1777 தொடங்கிக் கல்கத்தாவில் பறவைகளைத் தீட்டினார். 1801 முதல் 1807 வரை சென்னையில் வாழ்ந்த எலிசபெத் குவில்லிம் அம்மையாரின் பறவை ஓவியங்களை மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகம் காத்துவருகிறது. உள்ளவாறு தீட்டிய இறகு ஒரு சான்றாவணம். அழகுக்காக மாற்றி வரைந்தால் சான்று பொய்த்துவிடும்.

மழைக்காலம் கழியும்போது மயில் தானே பீலியை உதிர்க்கிறது. மயிலைத் துன்புறுத்திப் பீலி பறிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். மாணவர்கள் வயலோரம் உதிர்ந்து கிடப்பதைக் கண்டால் முதலில் நெடுநேரம் உற்று நோக்குக. பின்னரே தூரிகையைத் தொடுக.