கணவர்கள், மகன்கள், கடைசியில் அவரும்... போதை சாம்ராஜ்யத்தின் 'காட்மதர்' கிரிசெல்டாவின் நிஜக் கதை!

பழனி பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் பாலசமுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டே இன்று கொலம்பியாவின் மெடலின் நகரத்துக்குப் போய்வந்துவிடலாம். கையில் செல்போனும் டேட்டாவும் இருந்தால் போதும். 2024 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான 'கிரிசெல்டா' வெப் சீரிஸைப் பார்த்த பலரும் "என்ன கெத்துப்பா இந்தம்மா!" என்று வியந்தார்கள். சோஃபியா வெர்காரா நடித்த அந்தப் பாத்திரம் கற்பனை அல்ல. நிஜ கிரிசெல்டாவின் வாழ்க்கையில் கெத்தைவிட ரத்தமே அதிகம்.

உள்ளாடையில் தொடங்கிய தொழில்

1943 பிப்ரவரி 15-ல் கொலம்பியாவில் பிறந்தவர் கிரிசெல்டா பிளாங்கோ. சின்ன வயதிலேயே அம்மாவுடன் மெடலினுக்கு வந்து, வறுமையில் வளர்ந்தார். முதல் கணவர் கார்லோஸ் ட்ரூஹியோ, போலி ஆவணங்கள் தயாரிப்பவர். அவர் மூலம் டிக்ஸன், உபர், ஒஸ்வால்டோ என மூன்று மகன்கள்.

அந்த உறவு முறிந்தபின் ஆல்பர்ட்டோ பிராவோவைத் திருமணம் செய்துகொண்டார். கோகைன் உலகத்துக்குள் அழைத்துப்போனவர் இவர்தான். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் கடை விரித்தது இந்த ஜோடி. பெண்களைப் பெரிதாகச் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதுதான் கிரிசெல்டாவின் கணக்கு. ரகசியப் பைகள் வைத்த உள்ளாடைகளைத் தைக்கவைத்து, அதைப் பெண்களுக்கு அணிவித்து விமானத்தில் சரக்கு கடத்தினார்.

1975-ல் அமெரிக்க அதிகாரிகள் வழக்கு போட, கைதாவதற்குள் கொலம்பியாவுக்குப் பறந்துவிட்டார். அதே ஆண்டு பணத் தகராறில் பிராவோ சுடப்பட்டு இறந்தார். சுட்டவரே கிரிசெல்டாதான் என்று சொல்லப்படுகிறது. 'கறுப்பு விதவை' என்ற பட்டப்பெயர் வந்தது இப்படித்தான்.

மயாமியை நடுங்கவைத்தவர்

1970-களின் கடைசியில் மறுபடி அமெரிக்கா. இந்த முறை மயாமி. 1979 ஜூலை 11-ம் தேதி, பட்டப்பகலில் டேட்லேண்ட் மாலில் துப்பாக்கிச்சூடு. போட்டி வியாபாரி ஒருவரும் அவருடைய பாதுகாவலரும் கொல்லப்பட்டார்கள். போலீஸின் சந்தேகம் கிரிசெல்டா பக்கம் திரும்பியது. அடுத்த சில ஆண்டுகளில் கொலைகள் பெருகி, பிணவறையில் இடம் போதாமல் குளிர்சாதன லாரியை வாடகைக்கு எடுக்கும் நிலைக்கு வந்தது மயாமி. பைக்கில் வந்து சுட்டுவிட்டுப் பறக்கும் பாணியை அங்கே பரப்பியதும் இவருடைய ஆட்கள்தான் என்கிறார்கள்.

இதில் மறக்கவே முடியாதது 1982-ல் நடந்தது. ஜீசஸ் காஸ்ட்ரோ என்பவர் தன் மகனை அவமானப்படுத்திவிட்டதாக கிரிசெல்டாவுக்குக் கோபம். அவரைக் கொல்ல ஆள் அனுப்பினார். ஓடும் காரை நோக்கிச் சுட்டதில் காஸ்ட்ரோ தப்பித்துவிட்டார். பலியானது உள்ளே இருந்த அவருடைய மகன் ஜானி. வயது 2. தன் பிள்ளைக்காகக் கோபப்பட்ட அம்மா, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிரை எடுத்துவிட்டார். இதைப் பின்னாளில் போலீஸிடம் சொன்னது, கூலிப்படையில் இருந்த ஹோர்ஹே அயாலா.

பெற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

மூன்றாவது கணவர் டாரியோ செபுல்வேடா. அவர்களுடைய மகனுக்கு 'காட்ஃபாதர்' படத்தின் நாயகன் பெயரையே வைத்தார்கள்: மைக்கேல் கார்லியோன். கணவன் மனைவிக்குள் பிரிவு வந்ததும் டாரியோ மகனைத் தூக்கிக்கொண்டு கொலம்பியா போனார். 1983-ல் அங்கே சுட்டுக்கொல்லப்பட்டார். பழி கிரிசெல்டா மீதே விழுந்தது.

1985 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் ஒரு வீட்டில் இருந்தவரைப் போதைத்தடுப்பு அதிகாரிகள் வளைத்தார்கள். கடத்தல் வழக்கில் சிறை. அடுத்து கொலை வழக்குகள். மரண தண்டனை கிடைக்கலாம் என்ற நிலையில், முக்கிய சாட்சியான அயாலா அரசு வழக்கறிஞர் அலுவலகப் பெண் ஊழியர்களுடன் போனில் ஆபாசமாகப் பேசிய விவகாரம் வெடித்து, வழக்கே ஆட்டம் கண்டது. 1998-ல் மூன்று கொலைகளை ஒப்புக்கொண்டு 20 ஆண்டு தண்டனை பெற்றார். 2004-ல் விடுதலையாகி கொலம்பியாவுக்கு அனுப்பப்பட்டார்.

அதற்குள் தொழிலில் இறங்கிய மகன்கள் உபரும் ஒஸ்வால்டோவும் கொல்லப்பட்டிருந்தார்கள்.

2012 செப்டம்பர் 3. மெடலினில் ஒரு கறிக்கடையில் கறி வாங்கிவிட்டு நின்ற 69 வயது கிரிசெல்டாவை, பைக்கில் வந்தவன் சுட்டுக்கொன்றான். எந்தப் பாணியை அவர் பரப்பினாரோ, அதே பாணியில்!

நம்ம ஊரிலும் கவனம்!

கிரிசெல்டா பிடிபட்ட அதே 1985-ல்தான் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி 20 கிலோ கஞ்சாவோ 100 கிராம் கோகைனோ வணிக அளவு. அதற்கு மேல் சிக்கினால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். அபராதமே ஒரு லட்சத்தில்தான் தொடங்குகிறது. ஜாமீன் கிடைப்பதும் சுலபமில்லை.

"இந்தப் பையை மட்டும் கொண்டுபோய் கொடுத்துடும்மா, ஆயிரம் ரூபாய் தர்றேன்" என்று யாராவது சொன்னால் உஷார். தெரிந்தே சுமந்தால், பொருளின் சொந்தக்காரருக்கு என்ன தண்டனையோ அதுதான் சுமந்தவருக்கும். பெண் என்பதால் சட்டத்தில் தனிச் சலுகை இல்லை. கிரிசெல்டாவுக்காக உள்ளாடையில் சரக்கு சுமந்த பெண்களின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகளைப் பிரிந்து கம்பி எண்ணுவது பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள்தான்.

வீட்டில் யாராவது போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்தால் மறைக்காதீர்கள். 14446 என்ற தேசிய உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.