பழைய இசைத்தட்டும் புதிய அச்சும்

இசைத்தட்டு யாதென்று நேயர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கிராமபோன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி, மூன்று நிமிஷப் பாட்டுக்காகக் காத்திருந்த தலைமுறையின் வழிவந்தவர்கள் நாம். ஒலிநாடாவும் இறுவட்டும் வந்தபின் அத்தட்டுகள் பரணில் ஏறின. அவற்றின் காலம் முடிந்துவிட்டதென்றே பலரும் எண்ணியிருந்தனர். ஆயின் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 2022ஆம் ஆண்டில் ஏறக்குறைய 4 கோடியே 10 இலட்சம் வைனைல் இசைத்தட்டுகள் விற்பனையாயின. இறுவட்டுகளோ 3 கோடியே 30 இலட்சமளவே விற்றன. எண்ணிக்கையில் இசைத்தட்டு இறுவட்டை முந்தியது 1987ஆம் ஆண்டுக்குப் பின்னர் அதுவே முதல் முறையாகும்.

இவ்வாறு விற்பனையாகும் தட்டுகளிற் சில இன்றைய பாடகர்களின் புதிய ஆக்கங்கள். வேறு பல, அரை நூற்றாண்டுக்கு முன் வெளிவந்து, விற்றுத் தீர்ந்து, இன்று மீண்டும் அச்சேறுபவை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் றொக் இசையையும், அதன் முரட்டுப் பிள்ளையாகிய பங்க் இசையையும் விரும்புவோர் இம்மறுவெளியீடுகளைத் தேடித் தேடி வாங்குகின்றனர். இந்த இசை எல்லார் செவிக்கும் இனிதென்று வாதிட நான் முன்வரவில்லை. ஆயினும் ஒரே பெயரும் ஒரே படமும் தாங்கிய இரு தட்டுகள் ஒன்றற்கொன்று வேறாக ஒலிப்பது ஏன், அவற்றுள் ஒன்றற்கு ஆயிரம் பவுணும் மற்றதற்கு இருபது பவுணும் விலையாவது ஏன் என்னும் வினாக்கள், இசையை விரும்பும் எவருக்கும் பயன் தருவனவே.

இதனை உணர்வதற்குத் தட்டு பிறக்கும் முறையைச் சற்று அறிதல் வேண்டும். பாடகர்கள் பாடியது முதலில் ஒலிநாடாவிற் பதிவாகும். குரல், கிற்றார், மேளம் என்பன தனித்தனித் தடங்களில் இருக்க, அவற்றை உரிய அளவிற் சேர்த்துக் கலவை செய்து மூலநாடாவை ஆக்குவர். பின்னர், லாக்கர் பூசிய அலுமினியத் தட்டொன்றைச் சுழலவிட்டு, சூடேற்றிய கூரிய ஊசியினால் அதிலே சுருளாக ஒரு பள்ளம் வெட்டுவர். உழவன் சால் ஓட்டுவதை ஒத்தது அது. ஒலியின் அசைவுக்கேற்பச் சால் நெளிந்து செல்லும். வெட்டிய தட்டுக்கு வெள்ளி பூசி, மின்முறையால் நிக்கல் படியவைத்து, அதிலிருந்து அச்சுத்தகடுகளை எடுப்பர். இரண்டு அச்சுத்தகடுகளுக்கு இடையே சூடான பிளாஸ்டிக்கை வைத்து அழுத்தினால் நாம் வாங்கும் தட்டு கிடைக்கும். ஓர் அச்சுத்தகடு ஏறத்தாழ ஆயிரம் பிரதிகளில் தேய்ந்துவிடும். அதன்பின் வேறொன்று எடுக்கவேண்டும்.

வெட்டுபவரின் வேலை எளிதன்று. தாழ்ந்த சுருதியுடைய ஒலிகள் பள்ளத்தை மிக அகலமாக நெளியச் செய்யும். அவற்றை அப்படியே வெட்டினால் தட்டில் இடம் போதாது. ஆதலால் 1954ஆம் ஆண்டிலே அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிலாளர் சங்கமன்று, அத்தொழிலின் உற்பத்தியாளர் சங்கமே ஒரு பொது அளவை வகுத்தது. அதன்படி தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவர். வீட்டிலுள்ள இயந்திரம் அதனைத் தலைகீழாக்கித் திருத்திக்கொள்ளும். இன்னுமொரு தொல்லை உண்டு. நிமிஷத்துக்கு 33⅓ தரம் சுழலும் 12 அங்குலத் தட்டின் வெளியோரத்திலே ஊசி ஒரு விநாடியில் ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் நீளத்தைக் கடக்கும். நடுவை அண்டியதும் அது 20 சென்ரிமீற்றரளவாகக் குறைந்துவிடும். குறுகிய நீளத்தில் அதே ஒலியை நெருக்கவேண்டியிருப்பதால், ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலே மெல்லிய உயர்ந்த ஒலிகள் மங்கும். பழைய நெடுந்தட்டு ஒன்றை இன்று இரண்டு தட்டுகளாகப் பிரித்து, 45 சுழற்சி வேகத்தில் வெளியிடுவதற்குக் காரணம் இதுவே. இது விலையேற்றும் தந்திரம் மட்டுமே எனச் சிலர் முறையிடுவர். அம்முறைப்பாடு முழுவதும் பொருந்தாது.

ஒரே நாடாவை இருவர் வெட்டினால் இரண்டு வகையான தட்டுகள் பிறக்கும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று கூறுவேன். லெட் செப்லின் குழுவினரின் இரண்டாம் நெடுந்தட்டு 1969இல் வெளிவந்தது. அமெரிக்காவிலே அதனை முதலில் வெட்டியவர் றொபேட் லட்விக். மிக்க வலுவுடன் வெட்டினார். மலிவான இயந்திரங்களில் ஊசி துள்ளுகின்றது என்ற காரணத்தால், அட்லாண்டிக் கம்பனியார் அதனை நிறுத்தி, வலுக்குறைந்த வேறொரு வெட்டை அச்சிட்டனர் என்பர். பாட்டு முடிந்தபின் நடுவட்டத்தைச் சூழ்ந்திருக்கும் வெற்றிடத்திலே ‘ஆர்.எல்.’ என்று கீறியிருக்கும் பிரதியைச் சேகரிப்பாளர் இன்று பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். உறையைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. விளக்கடியில் சாய்த்துப் பிடித்து அவ்வெற்றிடத்தை வாசித்தாலே தெரியும். இங்கிலாந்திலே ஜோர்ஜ் பெக்கம் என்பவர் தாம் வெட்டிய தட்டுகளில் ‘போர்க்கி பிரைம் கட்’ என்று வேடிக்கையாகக் கையொப்பமிடுவார். பங்க் காலத்துத் தட்டுகள் பலவற்றில் அதனைக் காணலாம்.

வெட்டு மட்டுமன்றிக் கலவையே மாறுவதும் உண்டு. ஸ்டூஜஸ் குழுவினரின் ‘றோ பவர்’ 1973இல் வெளிவந்தபோது, அதன் பெரும்பகுதியைக் கலவை செய்தவர் டேவிட் போவி. கிற்றார் முன்னே பாய, மேளமும் தாழ்ந்த ஒலியும் பின்னே ஒடுங்கிய கலவை அது. பாடகர் இகி பொப் பின்னர் தாமே அதனை மறுபடி கலந்து 1997இல் வெளியிட்டார். அஃது எல்லா ஒலியும் உச்சத்தில் நின்று முழங்கும் கலவை. பழைய கலவையின் அன்பர்கள் மனம் புண்பட்டனர். 2010இல் போவியின் கலவை மீண்டும் வந்தது. 2012இல் இரண்டு கலவைகளும் சேர்ந்து வைனைல் தட்டுகளாயின. எது மெய்யான ‘றோ பவர்’ என்று கேட்டால், 1973இல் இளைஞர் கேட்டு மனம் மாறியது எதுவோ அதுவே என்பேன். பாடியவரின் விருப்பமும் மதிப்புக்குரியதே. ஆனால் வெளிவந்த தட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டன்றோ? இரண்டையும் பெயர் சுட்டி விற்பதே நேர்மையான வழி.

றமோன்ஸ் குழுவினர் அவ்வழியே சென்றனர். நியூயோர்க்கின் றேடியோ சிற்றி மண்டபக் கட்டடத்திலே, 1976 பெப்ரவரியில், 6,400 டொலர் செலவில் அவர்களின் முதல் நெடுந்தட்டுப் பதிவாகியது. பதினான்கு பாட்டுகளும் 29 நிமிஷத்தில் முடிந்துவிடும். பக்கத்துக்குக் கால்மணி நேரமளவே ஆதலால், தட்டில் இட நெருக்கடி என்பதே இல்லை. 2016இல் நாற்பதாம் ஆண்டு நிறைவுக்கு வந்த மறுவெளியீட்டில், பழைய இருவழிக் கலவையுடன், தயாரிப்பாளர் கிறெய்க் லியோன் புதிதாகச் செய்த ஒற்றைவழிக் கலவையும் தனித்தட்டாகச் சேர்ந்தது. அச்சிட்ட பிரதிகள் 19,760. வெளியான ஆண்டை நினைவூட்டும் அத்தொகையைப் பார்த்துப் புன்னகை செய்யலாம். ஆனால் வாங்குவோனுக்குத் தன் கையில் இருப்பது எதுவென்று ஐயமில்லை.

ஐயம் எங்கே எழுந்தது என்பதையும் சொல்லவேண்டும். மொபைல் பிடெலிட்டி என்னும் அமெரிக்கக் கம்பனி, மூலநாடாவிலிருந்தே வெட்டப்பட்ட தட்டுகள் என்று பெயர்பெற்ற மறுவெளியீடுகளை உயர்ந்த விலைக்கு விற்றுவந்தது. 2022 ஜூலை மாதத்திலே, அவற்றிற் பல, நாடாவை முதலில் இலக்கமுறைப் பதிவாக மாற்றி, அப்பதிவிலிருந்து வெட்டப்பட்டவை என்னும் செய்தி வெளியாகியது. கம்பனியின் வல்லுநர்களும் அதனை ஒப்புக்கொண்டனர். பத்தாண்டளவாக இது நடந்திருந்தது. வழக்குத் தொடர்ந்தது, 2 கோடியே 50 இலட்சம் டொலர் அளவில் இணக்கம் ஏற்பட்டது. இதில் வியப்பு யாதெனின், இலக்கமுறையைத் தீண்டாத ஒலி என்று அத்தட்டுகளைப் போற்றியோருள் எவருடைய செவியும் அதனைக் கண்டுபிடிக்கவில்லை என்பதே. அத்தட்டுகள் நன்றாகவே ஒலித்தன. ஆனால் தாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை வாங்கியோருக்குச் சொல்லவில்லை, வழக்கு அதன்பாற்பட்டது.

இதனினும் கீழான வகையும் கடைகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவு உரிமைக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியபோது, 1962ஆம் ஆண்டு முடிவதற்குள் வெளியானவற்றுக்கு அந்நீட்சி கிட்டவில்லை. ஆகையால் ஆதி றொக் அன் றோல் பாட்டுகளை எவரும் அங்கே அச்சிடலாம்; மூலநாடா கையில் இல்லாதவர், இறுவட்டிலிருந்தே தட்டை வெட்டிவிடுவதும் உண்டு. எங்கிருந்து எடுத்தது, யார் வெட்டியது என்னும் விபரம் உறையில் ஓரிடத்திலும் இல்லையெனில் விலகிச் செல்வது நலம். ‘180 கிராம்’ என்று பொன்னெழுத்தில் ஒட்டியிருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். எடை கூடிய தட்டு கைக்குக் கனமாயிருக்கும். பள்ளத்தில் உள்ளதை அது திருத்தாது. படம் பதித்த தட்டுகளோ சுவரில் மாட்டுவதற்கே பெரும்பாலும் உகந்தவை. அவற்றில் இரைச்சல் மிகுதி.

இனிப் பங்க் தட்டுகளின் விலையைப் பார்ப்போம். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினர் 1977 மார்ச் 10ஆம் நாள், பக்கிங்காம் அரண்மனைக்கு முன்னே, ஏ அண்ட் எம் கம்பனியுடன் ஒப்பந்தம் செய்தனர். ஒரு வாரம் கழியுமுன் கம்பனி அதனை முறித்தது. ‘கோட் சேவ் த குவீன்’ என்னும் பாட்டுக்காக அச்சிட்டிருந்த தட்டுகள் அழிக்கப்பட்டன. அழிவுக்குத் தப்பிய சில பிரதிகள் இன்று ஆயிரக்கணக்கான பவுணுக்குக் கைமாறுகின்றன. அதே பாட்டு அவ்வாண்டு மே மாதம் வேர்ஜின் கம்பனியால் வெளிவந்து பெருவாரியாக விற்றது. 2022இல், அரசியாரின் எழுபதாம் ஆண்டு விழாவை ஒட்டி, இரண்டு கம்பனிகளின் தட்டுகளுமே மறுவெளியீடாயின. பாட்டைக் கேட்க விரும்புவோனுக்குச் சில பவுண் போதும். ஆயிரங்கள் கொடுப்பவன் வாங்குவது ஒரு வாரத்துக் குழப்பத்தின் சின்னத்தை. அதிலும் தவறில்லை, இரண்டையும் ஒன்றென எண்ணாதிருந்தாற் போதும்.

அருமை தானாக வருவது ஒன்று; செயற்கையாக ஆக்கப்படுவது வேறொன்று. 2008 ஏப்ரலில் அமெரிக்காவிலே, சிறிய இசைத்தட்டுக் கடைகளுக்கு ஆதரவாக, ‘றெக்கோட் ஸ்ரோர் டே’ என்னும் நாள் தொடங்கியது. ஆண்டுதோறும் அந்நாளில் குறைந்த பிரதிகளுடன் பல மறுவெளியீடுகள் வருகின்றன. விடியுமுன் வரிசையில் நிற்போருட் சிலர், வாங்கியதை மாலைக்குள் இரட்டை விலைக்கு விற்றுவிடுகின்றனர். கடைக்காரனுக்கு நன்மையுண்டு என்பது மெய். ஆனால் அச்சிடும் ஆலைகள் சில. அவற்றின் முன்னே காத்திருப்போரோ பலர். லாக்கர் தட்டுகளைச் செய்த இரண்டு பெரிய ஆலைகளுள் ஒன்றாகிய கலிபோர்னியாவின் அப்பொலோ ஆலை 2020 பெப்ரவரியில் தீக்கிரையாகியது. மற்றது யப்பானில் உள்ளது. 2021இல் நெருக்கடி முற்றியபோது, புதிய குழுவொன்று தன் முந்நூறு தட்டுகளைப் பெறப் பல மாதம் காத்திருக்க நேர்ந்தது. பெருங் கம்பனிகளின் பழைய பாட்டுகளும் அதே வரிசையில் நின்றமையால், இறந்த காலம் இளைஞரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது எனச் சிறிய வெளியீட்டாளர் குறைகூறினர். அக்குறையில் நியாயம் உண்டு.

ஏனெனில் பங்க் தட்டுகள் பிறந்ததே அத்தகைய சிறு தொகையில்தான். மான்செஸ்டர் நகரத்து பஸ்கொக்ஸ் குழுவினர் ஏறத்தாழ 500 பவுண் கடன் பெற்று, 1976 டிசெம்பர் 28ஆம் நாள் நான்கு பாட்டுகளைப் பதிவுசெய்தனர். தயாரித்தவர் மார்ட்டின் ஹானெட். கம்பனி எதனையும் நாடாது, ‘நியூ ஹோர்மோன்ஸ்’ என்னும் பெயரில், 1977 ஜனவரியில் தாமே 1,000 பிரதிகள் வெளியிட்டனர். ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’, அதாவது சுருட் கீறல், என்று அதற்குப் பெயர். தட்டிலுள்ள பள்ளத்தையே பெயராக்கிய குறும்பு அது. எந்தப் பாட்டு எத்தனையாம் முறை பாடியபோது பதிவாகியது என்பதையும் உறையின் பின்புறத்தில் அச்சிட்டனர். செய்முறையை மறையாது சொன்னமையால், நாமும் செய்யலாமே என்று மற்ற ஊர் இளைஞருக்குத் துணிவு பிறந்தது. முதல் ஆயிரம் விரைவில் தீர, மொத்தம் 16,000 பிரதிகளளவு விற்றன. 1979இல் மறுபடி வெளிவந்தபோது, அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 31ஆம் இடத்தை எட்டியது. 2017இல் டொமினோ வெளியீட்டினர் அதனை மீண்டும் ஏழு அங்குலத் தட்டாகவே கொணர்ந்தனர்.

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். இயன் மக்கேயும் நண்பர்களும் 1980இல் தொடங்கிய டிஸ்கோர்ட் வெளியீட்டின் முதல் தட்டு, ரீன் ஐடில்ஸ் என்னும் பள்ளிப் பிள்ளைகளின் குழுவினுடையது. ஆயிரம் பிரதிகளுக்குமான உறைகளை அவர்களே கத்தரித்து, மடித்து, ஒட்டினர். முதற் பிரதிகளுக்குச் சேகரிப்பாளர் இன்று கேட்கும் விலை அப்பிள்ளைகள் கனவிலும் காணாதது. டிஸ்கோர்டோ தன் பழைய பாட்டுகளைத் தீரத் தீர அச்சிட்டு வந்திருக்கிறது. மக்கே பின்னர் சேர்ந்த பியூகாசி குழுவின் தட்டுகளிலே, அஞ்சற் செலவு உட்பட விலை இவ்வளவு என்று உறையிலேயே அச்சிட்டிருந்தது. கடைக்காரர் அதற்குமேல் கேட்டால், வாங்குபவர் உறையைத் திருப்பிக் காட்டலாம்.