சிதறிய ஊரைச் சேர்த்த சங்கம்

ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா நாட்டில் 1994ஆம் ஆண்டு நிகழ்ந்த இனப்படுகொலையில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். விளைநிலங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. உயிர் பிழைத்தோர் அண்டை வீட்டாரை நம்பவும் அஞ்சினர்.

அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள மராபாவில் 1999ஆம் ஆண்டு காப்பி உழவர் சங்கம் ஒன்று தோன்றியது. காப்பிப் பழங்களைப் பறித்த சில மணி நேரத்திற்குள் தோல் நீக்கிக் கழுவினால் கொட்டை தரமாக அமையும். சில நூறு செடிகளே உடைய சிறு உழவர் அதற்குரிய நிலையத்தைத் தனியே அமைக்க இயலாது. எனவே, சங்கத்தினர் பிறர் உதவியுடன் 2001ஆம் ஆண்டு பொது நிலையம் ஒன்றை நிறுவினர். காப்பியின் தரம் உயர்ந்தது. வெளிநாட்டு வணிகர் நல்ல விலை தந்தனர்.

படுகொலையில் கணவரை இழந்த பெண்களும், அக்குற்றத்திற்காகச் சிறை சென்றோரின் மனைவியரும் அச்சங்கத்தில் ஒன்றாக உழைத்தனர். இழந்த உயிர்கள் மீளா. ஆயினும், சேர்ந்து உழைத்தால்தான் வருவாய் என்னும் நிலை, பேச்சற்றிருந்தோரை மீண்டும் பேச வைத்தது.