தாகமும் பிரஷரும்

"தலைவலியே இல்ல, எதுக்குடா பிரஷர் மாத்திரை?" நாரணாபுரம் போனால் அப்பா கேட்கும் கேள்வி. தேடிப் படித்தேன்.

வெயிலில் உடம்பில் தண்ணி குறைஞ்சா சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும். அதனால் ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோன் கூடும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. சில இடங்களில் மட்டும் அது இல்லை. அங்கிருக்கும் ஏடி1 ஏற்பிகளில் இந்த ஹார்மோன் ஒட்டியதும் தாகம் எடுக்கும். நரம்புகள் ரத்தக்குழாயை இறுக்கும். உயிர்காக்கும் ஏற்பாடுதான். தண்ணி குறையாதப்பவும் அது ஓடிக்கிட்டே இருந்தால் பிரஷர் ஏறும். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோசார்டான், ரத்தக்குழாயில் உள்ள இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன்: "தாகம் நமக்குத் தெரியும்ப்பா, பிரஷர் தெரியாது. அளந்து பார்த்தாதான் உண்டு. டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்தாதீங்க."