ஓர் எழுத்தில் ஒரு பிள்ளை

பேசாலையில் ஓர் அக்கா, வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு அனுப்பவிருந்த ஆங்கிலக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். போரில் காணாமற்போன இரு மகன்மாரைப் பற்றி, அகராதி பார்த்துத் தானே எழுதியது. அதில் 'மை சன் இஸ் மிஸ்ஸிங்' என்றிருந்தது. வாசிப்பவர் ஒரு மகன் என்றே நினைப்பார் என்றேன். "மற்றப் பிள்ளையை விட்டுட்டனே, தங்கச்சி" என்று கண்கலங்கினார்.

அகராதியில் ஒருமைதானே இருக்கும்! பேச்சிலும் நாம் "ரெண்டு பிள்ளை, மூண்டு வலை" என்கிறோம். எண்ணே பன்மையைச் சொல்லிவிடுகிறது. சமூகவியல் படித்த காலத்தில் என் ஆங்கிலக் கட்டுரைகளிலும் இதே பிழைதான்.

ஆங்கிலத்தில் எண் இருந்தாலும் பெயர்ச்சொல் மாறவேண்டும்: 'டூ போட்ஸ்', 'த்ரீ நெற்ஸ்'. 'சைல்ட்' என்பது 'சில்ட்ரன்' ஆகும். 'ஒன் ஒஃப் மை' என்றால் அடுத்து 'சன்ஸ்' வரும்; பலரில் ஒருவர் அல்லவா? பலர் சேர்ந்து ஒப்பமிடும்போது 'வீ ஆர் விடோஸ்' என்றே எழுதவேண்டும்.

சகோதரிகளே, எழுதி முடித்ததும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் விரலை வைத்து, "ஒன்றா, பலவா?" என்று கேளுங்கள். அரச அலுவலகங்களுக்கோ ஆங்கிலம் கட்டாயமில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் தமிழிலேயே எழுதலாம்.

அக்கா 'மை டூ சன்ஸ் ஆர் மிஸ்ஸிங்' என்று திருத்தி, இரு பெயர்களையும் கீழே எழுதினார். "இப்ப ரெண்டு பேரும் இருக்கினம்" என்றார்.