பாலிசி படிக்கப் போகிறாள் பேத்தி!

"பாலிசி படிக்கப் போறாளாம், பாலிசி! எல்.ஐ.சி. பாலிசி பிடிக்கிறதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா? நீங்களே கேளுங்க!"

நெற்குப்பையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தங்கியிருந்த வீட்டின் வளவில் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரத்தைத் துவையலில் தோய்த்து வாயில் போடப் போன சமயம், வீட்டுப் பெரிய ஆச்சி என்னிடம் இப்படிப் பொரிந்து தள்ளினார். பக்கத்தில் தூணில் சாய்ந்தபடி மகள் வயிற்றுப் பேத்தி. வயது இருபத்தேழு. இன்ஜினீயரிங் முடித்து, சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆறு வருஷமாக நல்ல சம்பளம். அதை விட்டுவிட்டு பெங்களூரில் 'பப்ளிக் பாலிசி' எம்.ஏ. படிக்கப் போகிறாளாம். இடமும் கிடைத்துவிட்டது.

"ஆயா, அது இன்ஷூரன்ஸ் இல்லை. பொதுக்கொள்கை. அரசாங்கம் ஒரு திட்டம் போடுதுல்ல, அது சரியா இருக்கா, யாருக்குப் போய்ச் சேருது, யாருக்குச் சேரலைன்னு பார்க்கிற படிப்பு" என்றாள் பெண்.

"அதைப் பார்க்கத்தான் கலெக்டர் இருக்காரே! உனக்கு எதுக்கு?"

ஆச்சியின் கேள்வி இன்று பல வீடுகளில் கேட்கிற கேள்விதான். டாக்டர் என்றால் தெரியும், வக்கீல் என்றால் தெரியும். இது என்ன புதுப் படிப்பு? இதில் யார் சேருகிறார்கள்? படித்தபின் சோறு போடுமா? ஊர் திரும்பியதும் விசாரித்தேன். அதைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்து கொள்கிறேன்.

தேய்ந்துபோன ரேகை

முதலில், அந்தப் பெண்ணுக்கு இந்த ஆசை எப்படி வந்தது?

2020-ல் ஊரடங்கு வந்ததும் கம்பெனி எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. அவள் நெற்குப்பைக்கு வந்து, இரண்டாங்கட்டில் மேஜை போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். அந்த வருஷக் கடைசியில்தான் ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துச் சாமான் வாங்கும் முறை வந்தது. வீட்டில் முப்பது வருஷமாகப் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் ஒருநாள் வெறும் பையோடு திரும்பி வந்தார்.

"மிஷின் என்னை ஏத்துக்கலை ஆச்சி. அஞ்சு விரலையும் வச்சுப் பார்த்தாச்சு."

பேத்தி அந்தக் கையை வாங்கிப் பார்த்தாளாம். சாம்பலும் சோப்பும் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகையே இல்லை, வழவழவென்று இருந்தது.

"அந்த மெஷினுக்கு புரோகிராம் எழுதினவர் என்னை மாதிரி ஒருத்தர்தான். அது கட்டாயம்னு விதி எழுதினவர் வேற ஒருத்தர். ரெண்டு பேருமே இந்தக் கையைப் பார்த்ததில்லை" என்றாள் என்னிடம். "மெஷின் ஏத்துக்கலைன்னா அடுத்து என்ன செய்யணும்? கருவிழியைப் பார்க்கலாமா? போன்ல நம்பர் அனுப்பலாமா? இல்லை, வேற ஒருத்தர் போய் வாங்கலாமா? எதுக்கு என்ன செலவு? எதுல ஏமாத்து நடக்கும்? இதெல்லாம் யோசிச்சு எழுதறதுக்கு எனக்குத் தெரிஞ்ச படிப்பு பத்தலை."

பப்ளிக் பாலிசி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நமக்குத் தெரிந்த விஷயம்தான்

பெயர்தான் புதிது. விஷயம் நமக்குப் பழக்கமானது. 1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவுபடுத்தினார். 2022 செப்டம்பரில் 1,545 அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு தடவையும் யாரோ உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு எத்தனை கிராம் அரிசி, யார் சமைப்பது, பணம் எங்கிருந்து வரும், பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் கூடினார்களா என்றெல்லாம். நாம் வீட்டு பட்ஜெட்டில் செய்வதுதான். இங்கே குடும்பம் ஏழெட்டுக் கோடிப் பேர், அவ்வளவே!

இன்னொரு உதாரணம் அந்த வளவிலேயே இருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் நான்கு பக்கக் கூரையும் நடு முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். மழை பெய்தால் அண்டா குண்டாவில் பிடித்து வைப்பார்கள். வறண்ட சீமையில் பெரியவர்கள் கண்ட வழி அது. 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஒரு வீட்டின் வழக்கம் நாட்டின் விதியாக வேண்டுமென்றால் சட்டம் வேண்டும், கெடு வேண்டும், மேற்பார்வை வேண்டும். சில வீடுகளில் குழாய் மட்டும் வைத்துவிட்டுக் குழி தோண்டாமல் விட்டதையும் பார்த்திருக்கிறோம். விதி எழுதுவது பாதி வேலை. அது நடக்கிறதா என்று பார்ப்பது மீதி. இந்தப் படிப்பில் இரண்டும் உண்டு.

பொருளாதாரம், புள்ளியியல், சட்டம், நிர்வாகம் ஆகிய நான்கும்தான் பாடத்தின் தூண்கள். கூடவே கிராமத்துக்கோ அலுவலகத்துக்கோ போய்ச் சில வாரம் தங்கி நேரில் பார்த்து எழுத வேண்டும்.

நெற்குப்பைக்கு இந்த வேலை அந்நியமானதல்ல. பயண நூல்கள் எழுதிய சோமலெ (1921–1986) இந்த ஊர்க்காரர். தமிழ்நாட்டை மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி, எங்கே என்ன விளைகிறது, என்ன தொழில் நடக்கிறது என்று எழுதி வைத்தவர். தகவலை நேரில் போய்ச் சேர்க்கும் அந்தப் பழக்கம் இந்தப் படிப்புக்கு அஸ்திவாரம் மாதிரி.

யார் யார் சேருகிறார்கள்?

இந்தப் படிப்புக்கு இன்ன டிகிரி முடித்தவர்தான் வரவேண்டும் என்ற வேலி பெரும்பாலும் கிடையாது. ஒரே வகுப்பில் பலதரப்பட்டவர்கள்.

இன்ஜினீயர்கள் நிறையப் பேர். கணக்கு இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பத்துப் பக்கம் கோர்வையாக எழுதச் சொன்னால் திணறுவார்கள். வக்கீல் படிப்பு படித்தவர்களுக்கு எழுத்தும் வாதமும் சரளம். புள்ளியியலைக் கண்டால் பயம். டாக்டர்களும் பல் டாக்டர்களும்கூட வருகிறார்கள். ஒரே வியாதிக்கு ஒரே தெருவிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தால், மருந்தை மட்டும் பார்த்தால் போதுமா, தெருக் குழாயையும் பார்க்க வேண்டுமல்லவா என்ற கேள்வி அவர்களை இங்கே கொண்டு வருகிறது. பத்திரிகையாளர்கள், ஆசிரியர்கள், தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களும் உண்டு. ஐ.ஏ.எஸ். பரீட்சையை இரண்டு மூன்று தடவை எழுதிக் கிடைக்காமல், படித்த படிப்பு வீணாக வேண்டாம் என்று வருகிறவர்களும் உண்டு.

கல்லூரி முடித்த கையோடு சேரலாம். ஆனாலும் இரண்டு மூன்று வருஷம் எங்காவது வேலை பார்த்துவிட்டு வருவது நல்லது என்றே விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். வகுப்பில் 'ரேஷன் முறை' என்று பாடம் வந்தால், வரிசையில் நின்றவருக்குப் புரிகிற மாதிரி மற்றவருக்குப் புரியாது. அமெரிக்காவில் ஹார்வர்டு கென்னடி பள்ளியில் நடுவயதுக்காரர்களுக்கென்றே ஒரு வருஷப் பட்டம் இருக்கிறது. ஏழு வருஷமாவது வேலை பார்த்திருந்தால்தான் அதில் சேர்க்கிறார்கள். அனுபவம்தான் அங்கே நுழைவுச் சீட்டு!

2023-ல் சிங்கப்பூர் அதிபரான தர்மன் சண்முகரத்தினம் யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியினர். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பொருளாதாரம் படித்தவர், பிறகு இந்த ஹார்வர்டு பள்ளியில் பொது நிர்வாகப் பட்டமும் பெற்றார். நம் ஊரிலேயே, 2016 முதல் 2019 வரை தமிழகத் தலைமைச் செயலாளராக இருந்த கிரிஜா வைத்தியநாதன் ஐ.ஏ.எஸ்., சென்னை ஐ.ஐ.டி.யில் சுகாதாரப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எத்தனை பெரிய பதவி என்றாலும் படிப்பு அதற்கு மெருகுதான்.

எங்கே படிக்கலாம்?

பெங்களூர் ஐ.ஐ.எம். 2002-ல் பொதுக்கொள்கைப் படிப்பைத் தொடங்கியபோது, முக்கியமாகப் பணியிலிருக்கும் அரசு அதிகாரிகளுக்காகவே தொடங்கியது. அதே ஊரில் தேசிய சட்டப் பள்ளி 2014 முதல் இரண்டு வருஷ முதுகலை நடத்தி வருகிறது. ஹைதராபாத்திலும் டில்லியிலும் தனியார் கல்லூரிகள் வந்துவிட்டன. வெளிநாடு என்றால் சிங்கப்பூரில் லீ குவான் யூ பெயரில் 2004-ல் தொடங்கிய பள்ளி நமக்குக் கிட்டத்தில் இருப்பது.

பணம் கட்டிப் படிக்க முடியாதவர்களுக்கும் வழி இருந்திருக்கிறது. தமிழக அரசு 2021-ல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தை அறிவித்தது. 2022–24-ல் முதல் அணியாக முப்பது இளைஞர்களைப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்து, மாதாமாதம் உதவித்தொகை கொடுத்து அரசுத் திட்டங்களில் வேலை பார்க்க வைத்தார்கள். கூடவே திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் மூலம் பொதுக்கொள்கைப் படிப்பும். தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மத்திய அரசின் மகாத்மா காந்தி தேசிய ஃபெலோஷிப்பில் 2021-ல் சேர்ந்தவர்களுக்கு மாதம் முதல் வருஷம் 50,000 ரூபாயும், இரண்டாம் வருஷம் 60,000 ரூபாயும் நிர்ணயித்திருந்தார்கள். ஐ.ஐ.எம். ஒன்றில் பாடம், மாவட்டத்தில் வேலை. இப்படிப்பட்ட அறிவிப்புகள் வரும் சமயம் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

ஆச்சி கேட்ட நாலு கேள்வி

செட்டிநாட்டு ஆச்சிகள் கணக்கில் சூரர்கள். அன்று சாயங்காலம் ஆச்சி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்யாண மொய் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலை எடுத்தார். அவர் கேட்ட கேள்விகள் எந்தப் படிப்புக்கும் பொருந்தும். குறித்துக் கொள்ளுங்கள்.

ஒன்று: "பீஸ் எவ்வளவு? சாப்பாடு, தங்கல் சேர்த்துச் சொல்லு." பல தனியார் கல்லூரிகளில் இது லட்சக்கணக்கில் வரும். ஸ்காலர்ஷிப் உண்டா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும்.

இரண்டு: "ரெண்டு வருஷம் சம்பளம் வராதே, அதையும் செலவுல எழுதினியா?" பேத்தி எழுதவில்லை! எழுதியபின் தொகை இரட்டிப்பாயிற்று.

மூன்று: "போன வருஷம் படிச்சு முடிச்ச புள்ளைக எங்கே வேலை பார்க்குது?" கல்லூரி விளம்பரத்தை நம்பாமல், பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிவிட வேண்டும்.

நான்கு: "கவர்மெண்ட் உத்தியோகம் கிடைக்குமா?"

இதற்கு நேர்மையான பதில் – பட்டம் வாங்கினதாலேயே கிடைக்காது. ஐ.ஏ.எஸ்., குரூப் ஒன் எல்லாம் தேர்வாணையப் பரீட்சை எழுதித்தான் வரவேண்டும். இந்தப் படிப்பு முடித்தவர்கள் ஆராய்ச்சி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், அரசுக்கு ஆலோசனை சொல்லும் கம்பெனிகள், ஐ.நா. அமைப்புகள், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஆய்வு உதவி என்று போகிறார்கள். பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையில்தான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். சாஃப்ட்வேர் சம்பளத்தை எதிர்பார்த்தால் ஆரம்பத்தில் ஏமாற்றம் நிச்சயம்.

பேத்தி மறைக்காமல் அத்தனையும் சொன்னாள். "சம்பளம் குறையும் ஆயா. கடனை அடைக்க அஞ்சு வருஷம் ஆகும். என் சேமிப்புல பாதியைப் போட்டுடறேன்."

நமக்கும் உண்டு

"இதெல்லாம் சின்னப் பெண்களுக்கு. நமக்கென்ன?" என்று நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தது. வார்டு மெம்பராக, தலைவியாக உட்காருகிற பெண், வரவு செலவுத் தாளை மற்றவர் படித்துச் சொல்லிக் கேட்க வேண்டுமா? சுய உதவிக் குழு நடத்தியவர், பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் பாடம் சொன்னவர், மாமியாரை ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அழைத்துக்கொண்டு அலைந்தவர் – இவர்கள் அனுபவமும் அனுபவம்தான். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாக முதுகலையை வீட்டிலிருந்தே படிக்கலாம். வயது ஒரு தடையே அல்ல.

விண்ணப்பம் எழுதும்போது "நாட்டுக்குச் சேவை செய்ய ஆசை" என்று பொதுவாக எழுதுவதால் பிரயோஜனமில்லை. நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு பிரச்னையை எழுதுங்கள். யார் கஷ்டப்பட்டார், ஏன், என்ன செய்து பார்த்தீர்கள், எங்கே முட்டி நின்றது என்று. அந்தப் பெண் தன் விண்ணப்பத்தில் எழுதியது ஒரு ரேகையில்லாத கையைப் பற்றித்தான்.

பென்சிலைக் கீழே வைத்தபோது

கூட்டிக் கழித்து முடித்து ஆச்சி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"எனக்குப் பதினஞ்சு வயசுல கல்யாணம். பெரியவுக கொண்டுவிக்கப் போயி வரும்போது, இந்த வீட்டு வரவு செலவெல்லாம் நான்தான் பார்த்தேன். படிச்சிருந்தா இன்னும் நல்லாப் பார்த்திருப்பேன்."

பிறகு கொல்லைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இங்க பாருத்தா" என்று பேத்தியைக் கூப்பிட்டார் ஆச்சி. "உன் கல்யாணப் பேச்சை ரெண்டு வருஷம் நிறுத்தி வைக்கிறேன், விட்டுட்டேன்னு நினைக்காதே. படிச்சு முடிச்சு எந்த ஊருக்கு வேணும்னாலும் போ. ஆனா முதல்ல இவ கைக்கு ஒரு வழி எழுதிட்டுப் போ."

பெண் தலையாட்டினாள். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டு, மிச்சப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனார்.