இடித்து இடித்துக் கட்டும் எலும்பு

சாப்பிட்டு மிஞ்சிய கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி, வினிகரில் மூழ்கும்படி போட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். எடுத்துப் பார்த்தால் உருவம் மாறியிருக்காது. ஆனால் இரு முனைகளையும் பிடித்து அழுத்தினால் ரப்பர் போல வளையும். வினிகரில் உள்ள அமிலம் கால்சியம் உப்பைக் கரைத்துவிட, மிஞ்சுவது கொலாஜன் என்கிற புரத நார். இன்னொரு எலும்பைத் தணலில் வெள்ளையாகும்வரை சுட்டால் இதற்கு நேர்மாறு: நார் எரிந்துபோய் உப்பு மட்டும் நிற்கும், லேசாகத் தட்டினாலே நொறுங்கும். கெட்டித்தன்மை உப்பின் உபயம், முறியாமல் தாங்குவது நாரின் உபயம்.

பெரியவர்களுக்கு 206 எலும்புகள். பிறந்த குழந்தைக்கு இதைவிட அதிகம். வளர வளர மண்டையோட்டிலும் இடுப்பிலும் முதுகெலும்பின் அடியிலும் பல துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. உடலைத் தாங்கும் தொடை எலும்பு எல்லாவற்றிலும் நீளமானது. காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்போ சுமார் 3 மில்லிமீட்டர்தான். அதன் வேலை எடை தாங்குவதல்ல, ஒலி அதிர்வை உள்காதுக்குக் கடத்துவது.

வளர்ச்சி நின்ற பிறகும் எலும்புக்குள் வேலை நிற்பதில்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பை அரித்துக் குழி பறிக்கின்றன. பின்னாலேயே வரும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்புகின்றன. இப்படி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு புதுப்பிக்கப்படுகிறது. எங்கே இடிப்பது, எங்கே கட்டுவது என்பதைப் பெரும்பாலும் சுமைதான் தீர்மானிக்கிறது. எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் அழுத்தத்தை உணர்ந்து தகவல் கொடுக்கின்றன.

சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். அதற்கான கண்கூடான சாட்சி டென்னிஸ் வீரர்களின் கை. தொழில்முறை வீரர்களை 1977இல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, மட்டை பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மற்ற கையைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தடிமனாக இருந்தது.

சுமையே இல்லாவிட்டால்? விண்வெளியில் மிதப்பவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறையக்கூடும். அதனால்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தினமும் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உடற்பயிற்சிக்கு ஒதுக்கப்படுகிறது. 2007 ஏப்ரலில் விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் பாஸ்டன் மாரத்தான் தூரம் முழுவதையும் அங்கேயே டிரெட்மில்லில் ஓடி முடித்தார். மிதந்துபோகாமல் இருக்க வார்ப்பட்டைகள் அவரைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருந்தன. கால் எலும்புக்குச் சுமையைக் கொடுத்ததும் அந்த இழுப்புதான்.

எலும்பிலிருந்து கரையும் கால்சியம் ரத்தத்துக்குப் போகிறது. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ஆனால் இதயத் துடிப்பும் தசைகளின் இயக்கமும் ரத்தத்தில் உள்ள சொற்ப கால்சியத்தை நம்பியிருக்கின்றன. அது கொஞ்சம் குறைந்தாலும் கழுத்தில் உள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க வைக்கின்றன. சாப்பாட்டில் கால்சியம் போதாதபோது, ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவே இருக்க, எலும்பு மட்டும் தேய்வது இப்படித்தான்.

மார்பெலும்பு, முதுகெலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றின் உள்ளே இருக்கும் சிவப்பு மஜ்ஜைக்கு வேறு பொறுப்பு. நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களை அது உருவாக்குகிறது.

சுமார் 30 வயதில் எலும்பின் அடர்த்தி உச்சத்தைத் தொடுகிறது. அதன்பின் கட்டுவதை இடிப்பது மெல்ல முந்தும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்த வேகம் திடீரென்று கூடுகிறது. எலும்புக்கு வேண்டிய கால்சியம் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும்: 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் அதைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும்.

தேய்மானத்தை அளக்க டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. பத்து, பதினைந்து நிமிடம் படுத்திருந்தால் போதும். இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு வரும் ‘டி ஸ்கோர்’ மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. பெரும்பாலும் இடுப்பையும் கீழ்முதுகையும்தான் அளப்பார்கள். அங்கே எலும்பு முறிந்தால் பாதிப்பு அதிகம். தவிர, முதுகெலும்பின் உட்பகுதி வலைப்பின்னலாக இருப்பதால் இடிக்கிற வேலை அங்கேதான் சீக்கிரம் தெரியவரும்.